மூட்டு 112 டிகிரி மடங்குது, ஆனா பேஷண்ட் "ஒன்னும் முடியலப்பா"ங்குறாங்க. நான் எதைத்தான் அளக்கணும்?

திண்டுக்கல்_பிசியோ

வணக்கம் சீனியர்ஸ். பி.பி.டி (பிசியோதெரபி டிகிரி) முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, திண்டுக்கல் பக்கம் ஒரு சின்ன கிளினிக்ல இருக்கேன், சாயங்காலம் ஹோம் விசிட்டும் போறேன். ஒரு பேஷண்ட் விஷயத்துல ரெண்டு வாரமா மண்டை காயுது, அதான் இங்க கேக்குறேன்.

68 வயசு அம்மா. வலது முழங்கால் மூட்டு மாத்தி 10 வாரம் ஆச்சு. சுகர் இருக்கு, கண்ட்ரோல்ல தான் இருக்கு. மூணாவது வாரத்துல இருந்து நான் போறேன். அப்ப மடங்குனது 70 டிகிரி, இப்ப 112. முழுசா நீட்டுறாங்க, லேக் (தானா நீட்டுறப்ப கடைசி சில டிகிரி நீளாம நிக்கிறது) இல்ல. குவாட்ஸ் (முன்தொடை தசை) எம்.எம்.டி, அதாவது கையால அழுத்தி பாக்குற தசை பலம், 5க்கு 5, ஹாம்ஸ்ட்ரிங் (பின்தொடை தசை) 5. வீக்கம் வத்திடுச்சு, தழும்பு ஆறிடுச்சு, வலி கேட்டா பத்துக்கு ரெண்டுங்குறாங்க. என் நோட்டை மட்டும் பாத்தா யாரா இருந்தாலும் டிஸ்சார்ஜ் பண்ணிடுவாங்க.

ஆனா போன திங்கக்கிழமை பெங்களூர்ல இருக்குற பையன் வந்திருந்தாரு. என்னை வாசல்லயே நிறுத்தி "ரெண்டு மாசமா வர்றீங்க, அம்மா இன்னும் வாக்கரை புடிச்சுக்கிட்டு தான் பாத்ரூம் போறாங்க, என்னதாங்க பண்றீங்க"ன்னு கேட்டுட்டாரு. நான் உடனே நோட்டை எடுத்து 70, 85, 98, 112னு காட்டினேன். பாத்துட்டு "டிகிரி ஏறிருக்கு தம்பி, எங்கம்மா படி ஏறலையே"ன்னாரு. வாயடைச்சு போச்சு. உள்ள போய் அம்மாகிட்ட கேட்டா "கால் நல்லாதான்பா இருக்கு, ஆனா ஒன்னும் முடியலப்பா"ங்குறாங்க. அந்த "ஒன்னும்"ல என்னென்ன இருக்குன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

காலேஜ்ல ஃபங்ஷனல் அசெஸ்மெண்ட் (அன்றாட வேலை எவ்வளவு முடியுதுன்னு அளக்குறது) படிச்சோம், பத்து மார்க் கேள்விக்கு ஸ்கேல் பேரா வரிசையா எழுதிட்டு வந்தவன் நான். வொமாக்னு மூட்டு தேய்மானத்துக்கான கேள்வித்தாள் ஃபார்ம் டவுன்லோட் பண்ணி பாத்தேன், 24 கேள்வி, அதுல சாக்ஸ் போட கஷ்டமா, கார்ல ஏறி இறங்க கஷ்டமா, பாத்டப்புக்குள்ள இறங்க கஷ்டமான்னு வருது. இந்தம்மா சாக்ஸே போட்டதில்ல, வீட்ல இருக்குறது சிமெண்ட் தொட்டி. எதை அளந்தா இவங்க நிலைமை தெரியும்? அந்த பையனுக்கும் புரியணும்.

கொங்கு_பிசியோ

தம்பி, மொதல்ல ஒன்னு சொல்லிடறனுங்க, 112 நல்ல ரேஞ்ச், நீங்க உழைச்சிருக்கீங்க. சமதரைல நடக்க 60, 65 டிகிரி மடங்குனா போதும், படி ஏறி இறங்க 90ல இருந்து 100, தாழ்வான சேர்ல இருந்து எந்திரிக்க 105 பக்கம். அப்ப இவங்களை நிறுத்தி வெச்சிருக்கிறது மடக்கம் இல்லைங்க. இன்னும் அஞ்சு டிகிரி வாங்கினாலும் வாக்கர் அங்கயேதான் நிக்கும்.

எனக்கு அந்த எம்.எம்.டி 5 மேல தான் சந்தேகம். 0ல இருந்து 5 வரைக்கும் போடுறோமே, அந்த கிரேடிங் 1943ல, ரெண்டாம் உலகப்போர் நடந்துட்டு இருக்கறப்ப, நரம்பு அடிபட்டவங்களுக்காக இங்கிலாந்துல மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் போட்டது. செத்துப்போன தசைக்கு உசுரு வருதா, லேசா துடிக்குதா, கையை கீழ இருந்து மேல தூக்குதான்னு பாக்க அது அருமைங்க. ஆனா குவாட்ஸ் நம்ம மொத்த உடம்பையும் தூக்கி நிறுத்துற தசை, அதுக்கு முன்னால நம்ம ஒத்தைக்கை அழுத்தம் எம்மாத்திரம்? பாதி பலம் போன குவாட்ஸ் கூட நம்ம கையை ஜெயிச்சிடும், நாமளும் 5னு எழுதிட்டு காபி குடிச்சுட்டு வந்துடுவோம். மூட்டு மாத்தி ஒரு மாசத்துல அந்த கால் குவாட்ஸ் பலம் ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததுல பாதிக்கும் கீழ போயிடுதுன்னு மெஷின் வெச்சு அளந்தே பாத்திருக்காங்க. அது சும்மா வராதுங்க, மாசக்கணக்குல ஆகும்.

அதனால கையால அழுத்துறதை விட்டுட்டு அவங்க உடம்பு எடையையே அவங்களுக்கு எதிரா வெச்சு பாருங்க. செவுத்துல சாய்ச்சு ஒரு சேர் போடுங்க, வழுக்க கூடாது. உக்காரும் இடம் தரையில இருந்து 43 சென்டிமீட்டர், அதாவது 17 இன்ச். ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க கட்ட சொல்லுங்க, 30 செகண்ட்ல எத்தனை தடவை முழுசா எந்திரிச்சு உக்கார்றாங்கன்னு எண்ணுங்க. 30 செகண்ட் முடியறப்ப பாதிக்கு மேல எந்திரிச்சிருந்தா அதையும் ஒன்னா எண்ணிக்கலாம். கையை ஊனிட்டா ஸ்கோர் 0, அங்க பாவம் பாக்காதீங்க, ஆனா கை ஊனினா எத்தனைன்னு தனியா எழுதிக்கங்க. 65ல இருந்து 69 வயசு பொம்பளைங்களுக்கு 11க்கு கீழ வந்தா கம்மின்னு அமெரிக்காவுல விழுற ஆபத்து பாக்க வெச்சிருக்கிற அளவு, நம்மூருக்கு அப்படியே பொருந்தும்னு நான் சொல்ல மாட்டேன், ஒரு கோடு வேணுமேன்னு வெச்சுக்கங்க. உங்க அம்மா எத்தனை எந்திரிப்பாங்கன்னு ஒரு நம்பர் மனசுல நினைச்சுட்டு அப்புறம் பண்ணி பாருங்க.

அப்புறம் டக் டெஸ்ட், அதாவது டைம்டு அப் அண்ட் கோ. கை வெச்ச சேர், 46 சென்டிமீட்டர் பக்கம் உயரம், அங்கிருந்து மூணு மீட்டர் டேப் புடிச்சு தரையில சாக்பீஸ்ல ஒரு கோடு. எந்திரிச்சு, வழக்கமா நடக்குற வேகத்துல கோடு வரைக்கும் நடந்து, திரும்பி, வந்து உக்காரணும். "போங்க"ன்னு சொன்னதுல இருந்து முதுகு சேர்ல படுற வரைக்கும் டைம். ஒரு தடவை சும்மா பழக்கி விட்டுட்டு அப்புறம் எடுங்க. 12 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா விழுற ஆபத்து இருக்குன்னு எடுத்துக்கறாங்க. ஆனா தம்பி, நம்பரை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க. எந்திரிக்க எத்தனை தடவை ஆடி ஆடி முயற்சி பண்றாங்க, திரும்பறப்ப எத்தனை குட்டி குட்டி அடி வெக்கறாங்க, உக்கார்றப்ப மெதுவா இறங்கறாங்களா இல்ல மூட்டை மாதிரி பொத்துனு விழறாங்களா, ஸ்டாப்வாட்ச் இதை எதையும் சொல்லாது. நீங்க பக்கத்துல அரை அடி பின்னால நடங்க. முன்னால போய் "வாங்கம்மா வாங்கம்மா"ன்னு கூப்புட்டா உங்க வேகத்துக்கு வருவாங்க, அது அவங்க நடை ஆகாது.

இன்னொன்னு, இது நம்ம கிளினிக் வித்தை. முள்ளு வெச்ச எடை மெஷின் ரெண்டு பக்கத்து பக்கத்துல வெச்சு காலுக்கு ஒன்னா நிக்க வைங்க, ஏதாவது புடிச்சுக்க இருக்கணும். எந்த கால்ல எவ்வளவு போடறாங்கன்னு பாருங்க. பையனையும் கூப்புட்டு காட்டுங்க. டிகிரி அளக்கற கோனியோமீட்டர் புரியாதவருக்கு இது புரியும்.

ஓபி_ஓட்டம்

எல்லாம் சரி சார், காலைல 8 மணிக்கு உக்காந்தா ஒரு மணிக்குள்ள நாப்பது பேர், வலிக்கு கரண்ட் வெக்கிற ஐ.எஃப்.டி மெஷின் ரெண்டு, அதுல ஒன்னுக்கு வயர் டேப் சுத்தி வெச்சிருக்கோம், இதுல சாக்பீஸ்ல கோடு போட்டு கை கட்டி உக்கார வெச்சு எந்திரிக்க வெச்சு எண்ணிட்டு இருந்தா பின்னாடி நிக்கிறவங்க என்னை எண்ணிடுவாங்க. ஃபாரின்ல ஒரு பேஷண்டுக்கு முக்கா மணி நேரம் குடுக்குறான், அவன் பண்ணுவான்.

கொங்கு_பிசியோ

கோடு ஒரு தடவை பெயிண்ட்ல போட்டுட்டா அப்புறம் வேலையே இல்லைங்களே. சேர் டெஸ்டுக்கு 30 செகண்ட், டக்குக்கு அரை நிமிஷம், ஆளை கூட்டிட்டு வந்து சொல்லி புரிய வெக்கறதையும் சேத்தா அஞ்சு நிமிஷம். தினமும் வேண்டாம், மொத நாளும் அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்காவும் போதும். பத்து நிமிஷம் மெஷின் போட்டுட்டு அது என்ன பண்ணுச்சுன்னு கடைசி வரைக்கும் தெரியாமயே இருக்கறதுக்கு இது தேவலைங்க. கோவமில்லீங்க, நானும் நாப்பது பேர் பாத்தவன் தான்.

நியூரோ_அக்கா

கொங்கு சார் தசை பக்கத்துல இருந்து சொல்லிட்டாரு, நான் அந்த "ஒன்னும் முடியல" பக்கத்துல இருந்து வர்றேன்.

தம்பி, முடியுமாங்குறது ஒரு கேள்வி, செய்றாங்களாங்குறது வேற கேள்வி. 2001ல உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.எஃப்னு உடம்போட செயல்பாட்டை வகை பிரிக்குற முறையை கொண்டு வந்தப்ப இதைத்தான் கெப்பாசிட்டி, பெர்ஃபார்மன்ஸ்னு தனித்தனியா பிரிச்சாங்க. பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணப்ப எனக்கு இது சுத்த போர். ஸ்ட்ரோக் பேஷண்ட் வீட்டுக்கு போக ஆரம்பிச்சப்புறம் தான் உறைச்சுது. ஒரு அய்யா, டிபார்ட்மெண்டுக்கு வந்தா ஸ்பூன் புடிச்சு அவரே இட்லியை பிச்சு சாப்புடுவாரு, பார்த்தல் இண்டெக்ஸ்ல சாப்பாட்டுக்கு 10க்கு 10 போட்டு வெச்சிருந்தேன். வீட்டுக்கு போனா அவங்க வீட்டம்மா சோத்தை பிசைஞ்சு உருண்டை புடிச்சு ஊட்டிட்டு இருக்காங்க, இவரு டிவில நியூஸ் பாத்துக்கிட்டே வாயை திறக்குறாரு. "ஏம்மா, அவரே சாப்புடுவாரே"ன்னா "பாவம் மேடம், சிந்துறாரு"ங்குறாங்க. அந்த பார்த்தல் 1965ல வந்தது, சாப்புடுறது, குளிக்குறது, கக்கூஸ் போறது, படி ஏறுறதுன்னு மொத்தம் 100 மார்க். 100 எடுத்தவங்க தனியா குடித்தனம் நடத்திடுவாங்கன்னு அர்த்தம் இல்லன்னு அதை எழுதினவங்களே சொல்லிட்டாங்க, சமைக்குறதும் வெளிய போய் நாலு பேரை பாக்குறதும் அந்த 100க்குள்ள இல்ல.

உங்க அம்மாவுக்கு பார்த்தல் போடாதீங்க, கிட்டத்தட்ட ஃபுல் மார்க் வரும், ஒன்னும் தெரியாது. பெர்க் பேலன்ஸ் 14 வேலை, 56 மார்க், நல்லதுதான், ஆனா இப்ப உங்க கேள்வி அது இல்ல. நான் பண்ண சொல்றது பி.எஸ்.எஃப்.எஸ், அதாவது பேஷண்ட் ஸ்பெசிஃபிக் ஃபங்ஷனல் ஸ்கேல். 1995ல வந்தது, இருக்குறதுலயே எளிமையானது, கேள்வித்தாளே கிடையாது. "இந்த காலால நீங்க செய்ய முடியாம இருக்குற வேலை, இல்ல செய்ய ரொம்ப கஷ்டமா இருக்குற வேலை மூணு சொல்லுங்க, அஞ்சு வரைக்கும் சொல்லலாம்"னு கேக்கணும். ஒவ்வொன்னுக்கும் அவங்களே 0ல இருந்து 10 வரைக்கும் மார்க் போடணும். 0ன்னா சுத்தமா முடியல, 10ன்னா கால் கெடுறதுக்கு முன்னாடி எப்படி செஞ்சாங்களோ அப்படி. சராசரி ரெண்டு மார்க் ஏறினா, இல்ல ஒரே வேலைல மூணு மார்க் ஏறினா, அது நிஜமான மாற்றம்னு எடுத்துக்கலாம். சாக்ஸ் பிரச்சனையும் போச்சு, பாத்டப் பிரச்சனையும் போச்சு பாருங்க.

ஒரே ஒரு குழப்பம் வரும். வலிக்கு நாம 10ன்னா மோசம்னு பழக்கி வெச்சிருக்கோம், இதுல 10ன்னா நல்லது, வயசானவங்க மாத்தி சொல்லிடுவாங்க. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீடு வீடா போற என் தோழி ஒருத்தி சொல்லி குடுத்தது இது: பத்து புளியங்கொட்டையை தரையில கொட்டி "பழைய மாதிரி செஞ்சா பத்தும் உங்களுக்கு, இப்ப எத்தனை எடுத்துப்பீங்க"ன்னு கேப்பா. படிக்காத ஆத்தாக்கள் கூட யோசிச்சு யோசிச்சு எடுப்பாங்க, சிலர் நாலு எடுத்துட்டு, இல்லன்னு ஒன்னை திருப்பி வெப்பாங்க. அந்த ஒன்னை திருப்பி வெக்கிறப்ப ஏன்னு கேளுங்க, எவ்வளவோ விஷயம் வெளிய வரும்.

அப்புறம், அவங்க கேக்குற வேலை குத்தவெச்சு உக்கார்றதா இருந்தா உடனே தலையாட்டிடாதீங்க, மாத்தின மூட்டுக்கு எவ்வளவு அனுமதின்னு ஆபரேஷன் பண்ண டாக்டர்கிட்ட கேட்டுட்டு பேசுங்க.

அம்மாவின்_மகள்

நான் பிசியோ இல்லைங்க, தேடிட்டு வந்து இதை படிச்சேன், சொல்லாம போக மனசில்ல. எங்கம்மாவுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சு பிளேட் வெச்சாங்க. எங்கம்மா டாக்டர் முன்னாடியும் பிசியோ முன்னாடியும் அப்படி நடப்பாங்க, முந்தானையை இழுத்து சொருகிட்டு, கல்யாண வீட்டுக்கு போற மாதிரி. "சூப்பர்மா"ன்னு அவங்களும் எழுதிக்குவாங்க. ஆட்டோல வந்து வீட்ல இறங்கினா அடுத்த ரெண்டு நாள் படுக்கை. வர்றவங்க எல்லாம் "வலி இருக்கா"ன்னு தான் கேப்பாங்க, அம்மாவும் "இல்லப்பா"ம்பாங்க, ஏன்னா வலிக்கிற எதையும் செய்றதையே நிறுத்திட்டாங்க, அப்புறம் எப்படி வலிக்கும்? கடைசியில நான் போன்ல வீடியோ எடுத்துட்டு போய் காட்டினேன், அடுப்படில இருந்து ஹாலுக்கு எட்டடி வர்றதுக்குள்ள மூணு இடத்துல செவுத்தை புடிக்குறாங்க. அந்த பிசியோ தங்கச்சி அதை பாத்துட்டு மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு சொன்னா, நல்ல பொண்ணு.

வீட்ல இருக்குறவங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க தம்பி. பையன் கோவமா கேட்டாருன்னு ஒதுங்கிடாதீங்க, அவரு தான் ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க எப்படி எந்திரிக்குறாங்கன்னு பாத்தவரு.

திண்டுக்கல்_பிசியோ

எல்லாருக்கும் நன்றி, அக்கா புளியங்கொட்டை ஐடியாவுக்கு ரெண்டு நன்றி. நேத்து எல்லாத்தையும் பண்ணி பாத்தேன், அப்படியே சொல்றேன்.

சேர் டெஸ்ட். கொங்கு அண்ணே சொன்ன மாதிரி மனசுல 10னு நினைச்சுட்டு போனேன். மொத தடவை கையை ஊனிட்டாங்க, 0. அப்புறம் கொஞ்ச நேரம் விட்டு, கை கட்டி, 5. அஞ்சாவதுல முகம் செவந்துடுச்சு. நான் எம்.எம்.டி 5னு எழுதின அதே குவாட்ஸ். இன்னொன்னு கவனிச்சேன், ஒவ்வொரு தடவையும் எந்திரிக்கிறப்ப வலது பாதத்தை ஒரு சாண் முன்னாடி தள்ளி வெச்சுக்குறாங்க, இடது கால் தான் எல்லா வேலையும் செய்யுது. ரெண்டு மாசமா எதிர்ல உக்காந்து இதை பாத்துக்கிட்டு தான் இருந்திருக்கேன், கண்ணுல படல.

எடை மெஷின் ஒன்னு கிளினிக்ல இருந்து, ஒன்னு பக்கத்து மெடிக்கல்ல கடன் வாங்கிட்டு போனேன். மொத்த எடை 64. நேரா நில்லுங்கம்மான்னா வலது 26, இடது 38. சேர்ல இருந்து எந்திரிக்க வெச்சா இடது முள்ளு சர்ருனு 45ஐ தாண்டுது. அவங்க "நான் சமமா தானப்பா நிக்குறேன்"ங்குறாங்க, கண்ணாடில காட்டினா கூட நம்பல, முள்ளை பாத்துட்டு தான் "அட, ஆமா"ன்னாங்க. பையன் அதை போட்டோ எடுத்து அவங்க அக்காவுக்கு அனுப்பினாரு.

டக் வாக்கரோட 26.2 செகண்ட். வாக்கர் இல்லாம, நான் பக்கத்துல நடந்து, 19.4. அதாவது வாக்கர் இல்லாமயே வேகமா வர்றாங்க! திரும்புற இடத்துல மட்டும் ஆறேழு குட்டி அடி. நடுவுல பேரன் வந்து ஏதோ கேட்டான், அவனுக்கு பதில் சொல்ல அப்படியே நின்னுட்டாங்க, அதனால அந்த டைம் கேன்சல், மறுபடி எடுத்தேன்.

அப்ப ஏன் வாக்கர்? புளியங்கொட்டையில தான் வந்துச்சு. மூணு வேலை கேட்டேன். மொதல்ல "என்னத்தை சொல்ல, எல்லாம்தான்"னாங்க, கொஞ்சம் சும்மா இருந்தேன், அப்புறம் சொன்னாங்க. வாசல் தெளிச்சு கோலம் போடுறது, 0. ராத்திரி தனியா பாத்ரூம் போறது, 3. பஸ் ஏறி வத்தலக்குண்டுல தங்கச்சி வீட்டுக்கு போறது, 1. பாத்ரூமுக்கு மொதல்ல நாலு கொட்டை எடுத்துட்டு ஒன்னை திருப்பி வெச்சாங்க. அக்கா சொன்ன மாதிரியே ஏன்னு கேட்டேன். "பகல்னா நாலு, ராத்திரி தொவைக்கிற கல்லு பக்கம் ஈரமா கிடக்கும்பா, லைட்டு சுவிட்சு அந்த பக்கம் கதவுகிட்ட இருக்கு, இருட்டுல தான் போகணும்"னாங்க. பாத்ரூம் கொல்லைல இருக்குங்குறதே எனக்கு தெரியாது. நான் ஹால்லயும் பெட்லயும் தான் எக்சர்சைஸ் குடுத்துட்டு இருந்தேன், கொல்லைக்கு போனதே இல்ல. போய் பாத்தா வாசப்படி ஒரு முழம் உசரம், புடிக்க ஒன்னும் இல்ல. பையன் அன்னைக்கு சாயங்காலமே எலக்ட்ரீஷியனை கூப்புட்டு உள்பக்கம் ஒரு சுவிட்ச் போட்டுட்டாரு, கைப்புடி கம்பிக்கு வெல்டர்கிட்ட சொல்லிருக்காரு.

ஒரு டவுட்டு. பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்குறதுக்கு ஆறு நிமிஷ நடை டெஸ்ட் பண்ணலாமா? வீட்டு ஹால் நாலு மீட்டர் தான்.

மூச்சு_பிசியோ

ஹால்ல வேண்டாம் ப்ரோ. 2002 அமெரிக்கன் தொராசிக் சொசைட்டி கைட்லைன் 30 மீட்டர் நேர் பாதை கேக்குது, நாலு மீட்டர்ல நடந்தா பாதி நேரம் திரும்புறதுலயே போயிடும், அந்த மீட்டர் கணக்கை யாரோடயும் ஒப்பிட முடியாது. தெருல சமமான இடம் இருந்தா ரெண்டு செங்கல் வெச்சு டேப் புடிச்சுக்கோங்க, காலைல வெயிலுக்கு முன்னாடி. ஆனா மொதல்ல பி.பி, பல்ஸ் பாருங்க, உக்காந்திருக்கப்பவே பல்ஸ் 120க்கு மேலயோ பி.பி 180க்கு 100க்கு மேலயோ இருந்தா அன்னைக்கு விட்டுடுங்க, போன ஒரு மாசத்துல நெஞ்சுவலி வந்திருந்தா டாக்டர்கிட்ட கேக்காம தொடவே தொடாதீங்க. சுகர் பேஷண்ட் வேற, சாப்புட்டாங்களான்னு கேளுங்க, பக்கத்துல ஒரு சேர் போட்டு வைங்க. நடக்குறப்ப கூட பேசிட்டே போகாதீங்க, நிமிஷத்துக்கு ஒரு தடவை நேரம் சொல்லி ஒரு வார்த்தை உற்சாகம், அவ்ளோதான். நடுவுல நின்னு இளைப்பாறலாம், வாட்ச் ஓடிட்டே இருக்கணும்.

கொங்கு_பிசியோ

பேரன் கூப்புட்டப்ப நின்னுட்டாங்கன்னு கேன்சல் பண்ணீங்க பாருங்க, டைமை கேன்சல் பண்ணது சரி, ஆனா அந்த நின்னதை நோட்டுல எழுதுங்க தம்பி. பேச்சு குடுத்தா நடையை நிறுத்திடுற வயசானவங்க அடுத்து வர்ற மாசங்கள்ல விழறது அதிகம்னு 1997ல சுவீடன்ல பாத்து எழுதிருக்காங்க. மனசை முழுசா நடை மேலயே வெச்சாத்தான் நடக்க முடியுதுன்னு அர்த்தம். அதையே அடுத்த மாசம் வேணும்னே பண்ணி பாக்கலாம், நடக்கறப்ப பேரன் பேத்தி பேரை வரிசையா சொல்ல சொல்லுங்க, எத்தனை செகண்ட் கூடுதுன்னு பாருங்க.

இனிமே பெட்ல படுக்க வெச்சு காலை தூக்கறதை குறைச்சுட்டு சேர்ல எந்திரிக்கறதையே எக்சர்சைஸா குடுங்க, வலது பாதத்தை பின்னால இழுத்து வெச்சு, அந்த எடை மெஷினை காலுக்கு கீழ வெச்சே. உசரமான சேர்ல ஆரம்பிச்சு தாழ்வா கொண்டு வாங்க. கொல்லை வாசப்படிலயே படி பழக்குங்க.

திண்டுக்கல்_பிசியோ

நாலு வாரம் கழிச்சு அப்டேட் போடுறேன், சொல்லாம போயிட்டேன்னு நினைச்சுக்காதீங்க.

ராத்திரி பாத்ரூம் வாக்கர் இல்லாம, கம்பியை புடிச்சு போறாங்க. புளியங்கொட்டை 8. கோலத்துக்கு டாக்டர் குத்தவெக்க வேண்டாம்னுட்டாரு, தாழ்வான முக்காலி போட்டு உக்காந்து நாலு புள்ளி வெச்சு சின்னதா போடுறாங்க, 3 தான் குடுத்தாங்க, "முக்காலில உக்காந்து போடுறதெல்லாம் ஒரு கோலமா"ன்னு ஒரே சலிப்பு. பஸ்சுக்கு 3, டவுன் பஸ் மொத படி உசரத்துக்கு ஒரு மரப்பெட்டி வெச்சு பழகிட்டு இருக்கோம், இன்னும் நிஜ பஸ்ல ஏறல. சராசரி 1.3ல இருந்து 4.7. டக் 14.1, சேர் டெஸ்ட் 9. நேத்து அவங்களே பையனோட ஆட்டோல கிளினிக்குக்கு வந்தாங்க, அங்க தான் எடுத்தேன். பையன் கை குடுத்துட்டு போனாரு. 5ல இருந்து 9 அண்ணே!

கொங்கு_பிசியோ

ரொம்ப சந்தோஷமுங்க. டக்ல ரெண்டரை செகண்டுக்கு மேல குறைஞ்சாலே நிஜ மாற்றம்பாங்க, உங்களுக்கு அஞ்சு குறைஞ்சிருக்கு. ஒன்னே ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. மொத தடவை வீட்ல எடுத்தீங்க, இப்ப கிளினிக்ல. சேர் ஒரே உசரமுங்களா?

திண்டுக்கல்_பிசியோ

அய்யய்யோ. இப்பதான் டேப் வெச்சேன். கிளினிக் சேர் 47. வீட்டு பிளாஸ்டிக் சேரை பையன்கிட்ட போன்ல அளக்க சொன்னேன், 42ங்குறாரு.

ஓபி_ஓட்டம்

😂😂 சரி விடு தம்பி. எங்க டிபார்ட்மெண்ட்லயும் போன வாரம் பெயிண்ட்ல கோடு போட்டாச்சு, சார்கிட்ட சொல்லிடு. இன்னும் சேர் தான் கிடைக்கல, எல்லாம் ரோலிங் சேர்.

திண்டுக்கல்_பிசியோ

இன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கே போய், அதே பிளாஸ்டிக் சேரை அதே செவுத்துல சாய்ச்சு வெச்சு மறுபடி எடுத்தேன். 7. டக்கும் அதே சேர்ல எடுத்தேன், 15.3. நோட்டுல 9ஐ அடிச்சுட்டு 7 எழுதி, பக்கத்துல சேர் 42ன்னு குறிச்சுட்டேன். அந்தம்மா "நேத்து ஒன்பது சொன்னியேப்பா, இன்னைக்கு ஏன் குறைச்சுட்ட"ன்னு சண்டைக்கு வந்துட்டாங்க, நாளைக்கு ஒன்பது எடுத்து காட்டுறேன் பாருன்னு சொல்லிருக்காங்க.